தள்ளி வைத்த தட்டு

"போறதுன்னா போட்டத மறுபேச்சில்லாமத் தின்னுட்டு வரணும். முடியாதுன்னா இங்கயே கெட."

புருஷன் வீரசிங்கம் இதைச் சொன்னபோது பாக்கியலெட்சுமி அடுப்படியில் குனிந்து, ஒரு சின்னச் சட்டியில் தனக்கு அரிசிக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கான ரொட்டியும் வெங்காயச் சம்பலும் பக்கத்தில் மூடியிருந்தன.

"ஒரு அடுப்புல ரெண்டு சமையல்... லயத்துல எவ வீட்டுலயாவது இந்தக் கூத்து உண்டா? வயித்து வலி ஒனக்கு மட்டுந்தானா?"

அவள் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். பதில் சொல்லி என்ன ஆகப்போகிறது? வலிக்கிற வயிறு அவளுடையது.

அன்று வெலிமடையில் பேத்தி யதுஷாவுக்குக் காது குத்து. பிறந்து ஒரு வருஷம் ஆகியும் அந்தப் பிள்ளையை அவள் போனில்தான் பார்த்திருக்கிறாள். அதன் சிரிப்பு திரைக்குள் நின்று நின்று வரும். போனை வைத்த பிறகும் வெகுநேரம் வெறும் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளையின் உச்சந்தலை எப்படி வாசம் அடிக்கும் என்று நினைத்துப் பார்ப்பாள்.

எல்லாம் ஒரு தட்டால் வந்த வினை. மகன் ரமேஸ் ஹாலிஎலப் பக்கத்துப் பெண்ணை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தான். வேறு சாதி. தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடெல்லாம் முணுமுணுத்தது. பாக்கியலெட்சுமி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. மருமகள் நிஷாந்தினி வந்த மறுநாளே ஆசையாகச் சமைத்தாள். வெள்ளைப்பூடு தட்டிப் போட்ட பருப்பு, சூடான கோதுமை ரொட்டி. அந்த நேரத்தில்தான் பாக்கியலெட்சுமியின் வயிறு முறுக்கியது. முந்தின நாள் கல்யாணச் சாப்பாட்டிலேயே குடல் புரண்டு கிடந்தது. ஒரு வாய் வைத்தால் கக்கூசுக்கு ஓட வேண்டியிருக்கும்... புதுப் பெண்ணின் முன்னால்! தட்டைத் தள்ளி வைத்து, "பசிக்கலம்மா" என்றாள்.

நிஷாந்தினியின் முகம் கறுத்துப் போனது. அடுத்தடுத்த நாளும் தட்டு அப்படியே திரும்பியது. மாதம் முடியுமுன் இருவரும் வெலிமடைக்குக் குடி போய்விட்டார்கள். ரமேஸ் அங்கே மரக்கறி லொறி ஓட்டுகிறான்.

அவர்கள் போன பிறகுதான் பாக்கியலெட்சுமி பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனாள். புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை, குடல்தான் சட்டென்று கோபித்துக்கொள்கிறது என்றார்கள். வெங்காயம், வெள்ளைப்பூடு, கோதுமை மாவு, பருப்பு, பால் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினாள். வயிறு அடங்கியது. தேயிலை மலையில் ஒதுங்க இடம் தேடி ஓடுவது நின்றது. ஆனால் பிரிந்து போன பிள்ளைகள் திரும்பி வரவில்லை.

அப்புத்தளையில் தனியாகப் பஸ் ஏறும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். என்ன போட்டாலும் சாப்பிடுவது.

வெலிமடை வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து யதுஷா வீறிட்டு அழுதது. எல்லோரையும் தாண்டி ஓடிப்போய்த் தூக்கத் துடித்தது பாக்கியலெட்சுமியின் கை. ஆனால் கூப்பிடாமல் போகத் தயக்கம். கதவோரமாகவே நின்றாள்.

பந்தியில் நிஷாந்தினிதான் பரிமாறினாள். பருப்பு, வடை, வெங்காயச் சம்பல். அவள் தாய் இராக்கம்மா பக்கத்தில் நின்று, "சம்பந்தியம்மாவுக்குப் பிடிக்குமோ என்னமோ" என்றாள். குரலில் முள் இருந்தது.

"எனக்கென்ன, நல்லாப் பிடிக்கும். இன்னுங் கொஞ்சம் பருப்பு போடும்மா."

நிஷாந்தினி நிமிர்ந்து பார்த்தாள். அகப்பை ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. பிறகு நிறையவே போட்டாள். அந்த முகம் இளகுவதைப் பார்த்தபடியே பாக்கியலெட்சுமி கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் நிஷாந்தினி தானாகவே பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். அந்த உச்சந்தலையில் மூக்கை வைத்தபோது பாக்கியலெட்சுமிக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

பின்னேரம் வலி தொடங்கியது. பிள்ளையை ரமேஸிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறம் ஓடினாள். போய் வந்தாள், மறுபடி ஓடினாள். மூன்றாம் தடவை கக்கூசிலிருந்து வெளியே வரும்போது லீக்ஸ் பாத்தி ஓரமாகவே சரிந்துவிட்டாள். தண்ணீர் பிடிக்க வந்த நிஷாந்தினி குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அத்தை... என்னாச்சு அத்தை?"

"ஒண்ணுமில்லம்மா. யாருக்கும் சொல்லாத. பருப்பு எனக்கு ஒத்துக்காது. வெங்காயமும்..."

"பொறவு ஏன் சாப்பிட்டீங்க?"

பாக்கியலெட்சுமி வயிற்றைப் பிடித்தபடி மண்ணைப் பார்த்தாள். "இன்னைக்கும் தட்டத் தள்ளி வச்சிருந்தா பிள்ளைய எங்கிட்டக் குடுத்திருப்பியா?"

நிஷாந்தினி ஈர மண்ணிலேயே உட்கார்ந்து மாமியாரின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"எங்காளுங்க கை பட்டது ஒங்களுக்கு ஆகாதுன்னு நெனச்சேன் அத்தை... அம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லி அழுதேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"வயிறு இப்பிடிப் போகுதுன்னு புதுசா வந்த பொண்ணுகிட்ட எந்த வாயால சொல்றது? வெக்கமா இருந்துச்சு."

"என்னைய மகளா நெனச்சிருந்தா சொல்லியிருப்பீங்க."

அது உண்மை. இருவரும் அழுதார்கள்.

மறுநாள் நிஷாந்தினி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் சமைத்தாள். கரட், உருளைக்கிழங்கு, முட்டை ஆகும் என்றாள் பாக்கியலெட்சுமி. வெங்காயத்துக்குப் பதில் லீக்ஸின் பச்சை இலையை மட்டும் நறுக்கிப் போடலாம் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி சொன்னதையும் சொன்னாள்.

"ஒத்த ஆளுக்காக நீ சிரமப்படாத. ஒரு சின்னச் சட்டியில..."

"சின்னச் சட்டியெல்லாம் கெடயாது. எல்லாருக்கும் இதுதான்."

இராக்கம்மா ஒன்றும் பேசாமல் பாக்கியலெட்சுமியின் பக்கத்தில் உட்கார்ந்து, அதே கறியைப் பிசைந்து சாப்பிட்டாள். "உப்புத்தான் கொஞ்சம் கொறச்சல்" என்று உப்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்திக் கொடுத்தாள்.

பின்னேரப் பஸ்ஸுக்குப் பாக்கியலெட்சுமி சேலையை மடித்துப் பையில் வைத்தபோது நிஷாந்தினி வந்து நின்றாள்.

"பருப்பு, வெங்காயமெல்லாம் காலம் பூராவும் தள்ளி வைக்கணுமா அத்தை?"

"இல்லம்மா. வயிறு அடங்கினதும் ஒண்ணொண்ணாச் சேத்துப் பாக்கச் சொன்னாங்க. எது ஒத்துக்குது, எது ஒத்துக்கலன்னு. தனியாச் செஞ்சு பாக்கப் பயந்து விட்டுட்டேன்."

"அப்ப இங்க இருந்து பாருங்க. ஒவ்வொண்ணா நான் செஞ்சு தாறேன்."

"அதுக்கு ரொம்ப நாளாகுமேம்மா."

"ஆகட்டுமே" என்று நிஷாந்தினி பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

ரமேஸ் போனில் தகப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னான். கேட்டு முடித்த வீரசிங்கம், "அவகிட்டக் குடு" என்றான்.

"இப்ப எப்பிடி இருக்கு ஒனக்கு?"

இத்தனை வருஷத்தில் அவன் அப்படிக் கேட்டதில்லை. பாக்கியலெட்சுமியின் இடுப்பில் இருந்த யதுஷா போனைப் பிடுங்கக் கை நீட்டியது. அந்தச் சின்ன விரல்களைத் தன் விரலுக்குள் பொத்திக்கொண்டு, "வலிக்கலங்க" என்றாள்.