ஈயமுனைத் தோட்டா!

"ஐயோ... மண்டோரு! மண்டோரு!"

அகதாவின் அலறல் ரப்பர் மரங்களுக்கு நடுவே எகிறி ஓடியது.

அவள் கையிலிருந்த பால்வாளி கவிழ்ந்தது. வெள்ளை ரப்பர் பால் மண்ணில் வழிந்து, அங்கே முன்பே தேங்கியிருந்த சிவப்போடு கலந்தது.

சதுப்புக் காட்டின் ஓரத்தில் குப்புறக் கிடந்தார், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் நாராயணசாமி. முதுகில் விரல் நுனி அளவுக்கு ஒரு துளை...

உயிர் இல்லை!

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவன் சூசைமுத்து. தோட்டத்துக் காவலுக்கு நிறுத்தப்பட்ட ஸ்பெஷல் கான்ஸ்டபிள். அகதாவின் புருஷன்.

அவன் தோளில் போலீஸ் துப்பாக்கி. அதன் குழாயில் இன்னும் வெடிமருந்து வாசனை!

"நீங்களா...?" அகதா துப்பாக்கியைப் பார்த்தாள்.

"சத்தியமா இல்ல புள்ள! பன்னி ஒண்ணு வேலியோரம் உறுமுச்சு. அதத்தான் சுட்டேன். இந்தப் பக்கம் நான் திரும்பக்கூட இல்ல!"

யார் நம்புவார்கள்?

முந்தின நாள்தான், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஊரே வேடிக்கை பார்த்தது. பால் வெட்டும்போது மரத்தைக் காயப்படுத்திவிட்டாள் என்று அகதாவை நாராயணசாமி கெட்ட வார்த்தையில் திட்டினார். சூசைமுத்து அவர் சட்டையைப் பிடித்து, "இன்னொரு வாட்டி பேசுனா சுட்டுடுவேன்" என்று கத்தினான்.

கோலசிலாங்கூரிலிருந்து ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் டக்ளஸ் இறங்கினார்; பெயர்தான் வெள்ளைக்காரப் பெயர், ஆள் தமிழ்க் கிறிஸ்தவர். சூசைமுத்துவின் துப்பாக்கியை வாங்கி முகர்ந்தார்.

"கையை நீட்டுப்பா."

விலங்கு 'க்ளிக்' என்றது.

1951. அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள்; அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தாலே தூக்கு. சுங்கை தெராத்தை எஸ்டேட்டைச் சுற்றி முள்வேலி. அந்த நேரத்தில் ஒருவனைப் பிடிக்கக் காரணம் தேடவேண்டியதில்லை. விடுவதற்குத்தான் தேடவேண்டும்!

*

தோட்டத்து ஆஸ்பத்திரி.

அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் ஹியூபர்ட் இடுக்கியை உயர்த்திப் பிடித்தார். நுனியில் நசுங்கிய ஓர் ஈயக் கட்டி.

"சார், இதைப் பாருங்க. நெஞ்செலும்புக்குப் பின்னால மாட்டியிருந்துச்சு."

டக்ளஸ் குனிந்தார். "காளான் மாதிரி விரிஞ்சு கெடக்கே!"

"அதான் விஷயம். போலீஸ் குண்டு முனைவரைக்கும் செம்பு உறை போட்டது. ஆளைத் துளைச்சுக்கிட்டு நேரா அந்தப் பக்கம் போயிடும். இப்படி விரியாது."

"முனைய அரத்தால ராவிட்டா விரியும் ஹியூபர்ட். நான் பார்த்திருக்கேன் லா."

"ராவினா எடை குறையுமா, கூடுமா?"

"குறையும்."

ஹியூபர்ட் மருந்துத் தராசில் அந்தக் கட்டியை வைத்தார். எதிர்த்தட்டில் சூசைமுத்துவின் தோட்டா ஒன்றிலிருந்து கழற்றிய புதுக் குண்டு.

நசுங்கிய கட்டி இருந்த தட்டு 'டக்' என்று கீழே இறங்கியது!

டக்ளஸ் விசிலடித்தார். "அதே அளவுக் குழாய்... ஆனா கனமான குண்டு. சுட்டது வேற துப்பாக்கி!"

"அப்ப சூசைமுத்துவை விட்டுடலாமில்ல, சார்?"

"நான் விடுவேன். மேல இருக்கிற வெள்ளைக்காரன் விடமாட்டான். 'அந்த மாதிரி தோட்டா உன் ஏரியாவுல இருக்கா, காட்டு'ன்னு கேப்பான். ஒண்ணு... ஒரே ஒண்ணு கிடைச்சாப் போதும். இது எதுக்கான குண்டுன்னு யாருக்குத் தெரியும் இங்க?"

"பெரிய கிராணியைக் கேளுங்க. ஒரு காலத்துல தோட்டத்துத் தொரையோட வேட்டைக்குப் போனவரு."

*

பெரிய கிராணி வீரசிங்கம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தலைமை எழுத்தர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஈயக் கட்டியைப் பார்த்தார்.

முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"இது மான் வெடி. ஈயமுனை."

"மானுக்குன்னு தனியா குண்டா?"

"பின்னை? மிருகத்தின்ர அளவையும் குண்டின்ர வேகத்தையும் பார்த்தெல்லோ முனையைத் தெரிஞ்செடுக்கோணும்! பட்டாளத்துக் கெட்டிமுனையால மானைச் சுட்டால் ஊசி குத்தின மாதிரி ஓட்டை. மான் ஓடிப்போய்ச் சதுப்புக்குள்ள விழுந்து அழுகும். ஒருத்தருக்கும் பிரயோசனமில்லை."

"முனை மெத்துன்னு இருந்தா?"

"அதுக்கும் கணக்கிருக்கு. கடும் வேகத்தில போற குண்டுக்கு மெத்தெண்ட முனை வைச்சால், பட்ட உடனே சிதறி இறைச்சியை நாசமாக்கிப்போடும். வேகம் மட்டாயிருந்தால்தான் ஈயமுனை ஒழுங்கா வேலை செய்யும். கனமான குண்டு, மட்டான வேகம், மெத்தெண்ட முனை. ஆழமாப் போகும்... மெல்ல விரியும்... உள்ளுக்குள்ளயே நிற்கும். மான் நிண்ட இடத்திலயே விழும்."

"உங்ககிட்ட இருக்கா சார்?"

வீரசிங்கம் சிரித்தார்.

"எமெர்ஜன்சி துவங்கின உடனே என்ர வேட்டைத் துவக்கு ஆத்தில விழுந்து போச்சுதெண்டு உங்கட ஸ்டேசனிலதானே எழுதிக் குடுத்தனான்? இப்ப கையில இருக்கிறது பேனை மட்டும்!"

டக்ளஸ் கைகுலுக்கிவிட்டு வெளியேறினார்.

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதை அவர் பார்க்கவில்லை.

வாகீஸ்வரி. வீரசிங்கத்தின் மனைவி.

*

மறுநாள் காலை. ஈயமுனைத் தோட்டா ஒன்று கிடைத்தால் சூசைமுத்துவை விடலாம் என்று டக்ளஸ் சொன்னதை ஹியூபர்ட் அகதாவிடம் சொல்லியிருந்தார். அவள் அழுது வீங்கிய கண்களோடு கிராணி வீட்டுப் பின்பக்கமாய்ப் போய்க்கொண்டிருந்தாள்.

"அகதா... இஞ்சை வா!"

சமையல்கட்டு வாசலில் வாகீஸ்வரி.

"கிராணியம்மா... எங்க வீட்டுக்காரரை நாளைக்குக் கோலாலம்பூருக்கு ஏத்தப்போறாங்களாம். தொங்கவிட்டுருவாங்கம்மா!"

"அழாதை. நான் சொல்லுறதைக் கேள். அவர்... என்ர மனுசன்தான் சுட்டவர்."

அகதா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"வேணுமெண்டு இல்லை! விடிகாலைப் பனிக்குள்ள புல்லு அசைஞ்சதாம். மான் எண்டு நினைச்சுப்போட்டார். துவக்கு ஆத்தில போகேல்லை... ஒளிச்சு வைச்சிருந்தவர். அதை வெளியில சொன்னால் அதுக்கே தூக்கு. அதாலதான் வாய் திறக்கிறாரில்லை."

"எங்காளு சாகட்டும்னு பார்த்துக்கிட்டு இருக்காரா?"

வாகீஸ்வரி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு தோட்டா. நுனியில் மங்கலான சாம்பல் நிற ஈயம்.

"இதை இன்ஸ்பெக்டரிட்டைக் குடு. அவரிட்டை மட்டும். எங்கயிருந்து வந்ததெண்டு சொல்லாதை... உனக்குப் புண்ணியமாப் போகும்."

"கேட்டுல சோதனை போடுவாங்களே..."

"காட்டுக்குள்ள இருக்கிறவைக்கு அரிசி கொண்டுபோறியோ எண்டுதானே பாப்பினம்? திரும்பு!"

வாகீஸ்வரியின் விரல்கள் அகதாவின் கொண்டைக்குள் தோட்டாவைச் செருகின. மேலே வலையை இழுத்துக் கட்டின.

அகதா அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓடினாள்.

இருவருமே சன்னலைப் பார்க்கவில்லை!

*

அசாம் ஜாவா சாலை. சோதனை கேட். பெண்களின் வரிசை.

சோதனைக்காரி கலாவதி தினமும் பார்க்கிறவள்தான். அகதாவின் பையைத் தடவுவாள், இடுப்பைத் தடவுவாள், "போ" என்பாள்.

அன்று பையைத் தொடவில்லை.

"கொண்டைய அவுரு."

"அக்கா... என்னக்கா..."

"ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு. அவுருன்னா அவுரு!"

வலை அறுந்தது. கூந்தல் சரிந்தது.

'டிங்...'

தார்ச்சாலையில் உருண்டது தோட்டா.

வரிசையிலிருந்த பெண்கள் பின்வாங்கினார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நான் இன்ஸ்பெக்டர் ஐயாகிட்டத்தான் கொண்டு போறேன்! சத்தியமா! அவரைக் கூப்பிடுங்க... ஐயோ, அவரைக் கூப்பிடுங்க!"

*

டக்ளஸின் மேசைமேல் சாக்கில் சுற்றிய ஒரு நீளமான பொருள்.

ஹியூபர்ட் உட்காரவில்லை.

"அகதா எல்லாத்தையும் சொல்லிட்டாளாமே! தோட்டாவும் பொருந்துது. இன்னும் எதுக்கு சார் ரெண்டு பேரையும் உள்ள வெச்சிருக்கீங்க?"

டக்ளஸ் சாக்கை விலக்கினார். வேட்டைத் துப்பாக்கி!

"தொழிலாளர் லயத்துல, சூசைமுத்து வீட்டுக் கோழிக்கூண்டுக்கு அடியில. கூடவே ஒரு டப்பா ஈயமுனைத் தோட்டா."

ஹியூபர்ட் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. போலீஸ் துப்பாக்கி சுடல. இதுதான் சுட்டிருக்கு. அவன் வீட்டுல இருந்துச்சு. அவன் பொண்டாட்டி தலையில தோட்டா இருந்துச்சு. உங்க தராசைத்தான் கோர்ட்ல முதல் சாட்சியா வைப்பாங்க."

"அவனைக் காப்பாத்தத்தானே சார் நான் எடை போட்டேன்! யாரோ கொண்டாந்து வெச்சிருக்காங்க!"

"எனக்குத் தெரியுது. யாருன்னும் தெரியுது. நம்பர்கூட கிராணியோடதுதான்; ஆத்துல போனதை சூசைமுத்து எடுத்துக்கிட்டான்னு சொல்லிடுவாங்க. ஒரு வாய் பேசணும், ஹியூபர்ட்... கிராணி பொஞ்சாதி வாயி."

*

வீரசிங்கத்தின் வரவேற்பறை. கணவன் நாற்காலியில். மனைவி அவருக்குப் பின்னால்.

டக்ளஸ் தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா... அகதாவுக்குத் தோட்டா கொடுத்தது நீங்களா?"



வாகீஸ்வரி கணவனின் பின்தலையைப் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டரின் இடுப்பிலிருந்த விலங்கைப் பார்த்தாள். 

"அம்மா, ரெண்டு உசிரு."

"எனக்கு..." அவள் தலையைக் குனிந்தாள். "எனக்கு ஒண்டும் தெரியாது."

 டக்ளஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

ஜீப் சத்தம் தேய்ந்ததும் வாகீஸ்வரி தரையில் உட்கார்ந்தாள்.

"கேட்டுக்குப் போன் பண்ணினது நீங்கள்தானே?"

"ஓம்."

"கொண்டைக்குள்ள இருக்கெண்டு..."

"சன்னலுக்கு இஞ்சாலதான் நிண்டனான். நீ செருகினதைப் பார்த்தனான். அவள் கேட்டுக்கு நடந்துபோக, நான் லயத்துக்கு நடந்தனான். எல்லாரும் பால் வெட்டப் போன நேரம். கோழியள் மட்டும் கத்தினது."

"கடவுளே! ஒரு தற்செயலான வெடியை மறைக்க, பாவமறியாத ரெண்டு பேரையா...?"

"நான் மான் எண்டுதான் சுட்டனான். ஆர் நம்புவினம்? துவக்கு வைச்சிருந்ததுக்கே தூக்கெண்டு சட்டம். அவன் சாகோணும், இல்லாட்டி நான் சாகோணும். நீ ஒரு தோட்டாவை வெளியில விட்டாய். நான் மிச்சத்தையும் அனுப்பிவைச்சன். அவ்வளவுதான்!"

அவள் எழுந்தாள். கண்ணில் நெருப்பு.

"இன்ஸ்பெக்டரைக் கூப்பிடப்போறன். என்ர கையாலதான் குடுத்தனான் எண்டு சொல்லப்போறன்!"

வீரசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டெலிபோனை அவள் பக்கம் மெதுவாகத் தள்ளினார்.

"ஓம், தாராளமாச் சொல்லு. தோட்டாவைக் கையால தொட்டவளையும் சேர்த்துத்தான் தூக்குவினம்... அரசாங்கத்திட்டை அரிசிக்குத்தான் தட்டுப்பாடு, கயித்துக்கு இல்லை!"