கத்தரிப்பூக் காளான்

பதினோரு மாதம் கழித்து, நல்ல மழையில், நானும் என் கணவர் சவியேவும் பிரான்சிலிருந்து கோவில்பத்து வீட்டுக்கு வந்து இறங்கினோம். கதவைத் திறந்ததும் காளானின் பச்சை வாடை முகத்தில் அடித்தது. "உள்ள போவ வேணாங்க, லாட்ஜுல தங்கிக்கலாம்," என்றேன். என் பேச்சை அந்த மனுஷன் என்றைக்குக் கேட்டிருக்கிறார்?

லியோன் நகரத்து மருந்துக்கடையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அந்த ஊரில் காட்டில் பறித்த காளானை மருந்துக்கடையில் கொண்டுபோய்க் காட்டுவார்கள். தின்னலாமா கூடாதா என்று கடைக்காரர்கள் பார்த்துச் சொல்வார்கள். அந்தப் பவிசை இங்கேயும் கொண்டுவந்துவிட்டார். போன ஐப்பசியில், எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அமுதம், மண்டபத்தூர் சவுக்குத் தோப்பில் முளைத்த காளானை முந்தானையில் அள்ளி வந்தாள். கத்தரிப்பூ நிறம். அப்படியொரு அழகு.

"நெறமே ஒரு தினுசா இருக்குங்கய்யா. எம்மவ ஆசப்படுறா. திங்கலாமா?"

அடிப்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடியும் போடவில்லை. "அங்க இத வெண்ணெயில வதக்கித் திம்போம். போ, போயி சமை," என்றார்.

மூன்றாம் நாள் அமுதமும் ஆறு வயது மகள் தமிழ்மொழியும் செத்துப்போனார்கள். விசாரிக்க வந்த போலீசிடம், "திங்காதேன்னுதான் சொன்னேன்," என்றார் சவியே. "அவரு அப்புடிச் சொன்னத நானும் கேட்டேங்க," என்றேன் நான். பெற்ற பிள்ளைக்கு விஷம் வைத்த பாவி என்று ஊரே அவளைக் காறித் துப்பியது. நாங்கள் விமானம் ஏறிவிட்டோம்.

இப்போது எங்கள் சமையலறைச் சுவர் முழுக்க அதே கத்தரிப்பூ நிறம்.

சவியே கத்தியால் சுரண்டி எறிந்தார். மத்தியானத்துக்குள் தரையிலும் முளைத்துவிட்டது.

மூன்று மணி இருக்கும். கொல்லைக் கதவுக்கு வெளியே வளையல் சத்தம்.

"ஐயா... திங்கலாமா?"

அவர் ஓடிப்போய்க் கொல்லைக் கதவில் தாழ்ப்பாள் போட்டார். "கூடாது! கூடாது!"

"அன்னிக்கு அப்புடிச் சொல்லலியே."

நான் வாசலுக்கு ஓடினேன். கதவு அசையவில்லை. திரும்பினால் வெண்ணெய் மணக்கிறது. சத்தியமாக அடுப்பை நான் தொடவே இல்லை. சவியே மேசை முன்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தார். கண்ணில் தாரை தாரையாகக் கண்ணீர்.

"ழுலியேத், என் கையப் புடி," என்று என்னிடம் கெஞ்சினார்.

நான் பிடிக்கவில்லை. பயம்.

மூன்றாம் நாள் கண்ணெல்லாம் மஞ்சளாகிப் போய்ச் சேர்ந்தார். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "ஊருக்கு வரும்போதே காமாலை இருந்துச்சுங்க," என்று சொல்லிவிட்டேன். செத்த மனுஷனுக்கு எதற்குக் கெட்ட பேர் என்று நினைத்தேன். எனக்கும்தான்.

இன்று அவரைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்தோம். உறவுக்காரர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். பட்டப்பகல்தான். உள்ளே சட்டியில் ஏதோ பொரிகிறது. மேசையில் ஒரே ஒரு தட்டு. நாற்காலியைச் சின்னக் கை ஒன்று எனக்காக இழுத்துப் போடுகிறது.

"உண்மைய ஊருக்கே சொல்லிடுறேன், அமுதம். மாதா மேல சத்தியம்!"

"சொல்லலாம்மா," என்கிறாள் என் காதோரம், வெகு மரியாதையாக. "மொதல்ல சாப்பிடுங்க."