வெளிச்சத் துப்பாக்கி

மாதுங்கா ஸ்டேஷனை ஒட்டிய பழைய கிடங்கு ஒன்றில் நம்பிராஜன் விளையாட்டுக் கொட்டகை நடத்திவந்தார். பெருக்கித் துடைக்கும் வேலைக்குத் தாராவியிலிருந்து பிச்சம்மாள் வந்து சேர்ந்தது நல்ல உச்சிவெயிலில். உள்ளே கால் வைத்ததும் கண் இருட்டியது. சன்னல்களுக்கெல்லாம் தார் பூசியிருந்தார்கள். சிகரெட் நாற்றம், சூடேறிய கம்பி நாற்றம், அதற்கும் அடியில் பதப்படுத்திய தோலின் வாடை. தோல் ஷாப்பில் வேலை பார்த்த அவள் புருஷன்மேல் அடிக்கும் வாடை அது.

இருட்டு எதற்கு என்று நம்பிராஜனே பெருமையாகச் சொன்னார். கோடியில் நிற்கும் பொம்மையைச் சுட இங்கே குண்டு கிடையாது. துப்பாக்கியிலிருந்து வெளிச்சம்தான் பாயும். பொம்மையின் நெஞ்சில் ஒரு கண்ணாடிக் கண். அதில் வெளிச்சம் பட்டால் மணி அடிக்கும். பொம்மை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றும். அமெரிக்காவிலிருந்து வந்தபோது அந்த இடத்தில் வாத்து இருந்ததாம். யுத்தத்தில் வாத்தை எடுத்துவிட்டு ஜப்பான் சிப்பாயை வைத்தார். யுத்தம் முடிந்தது. ஊருக்குப் போகக் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்த வெள்ளைச் சோல்ஜர்களுக்கு ஜப்பான்காரன் சலித்துப்போனான். இப்போது நிற்பது நம் ஊர்க் கலகக்காரன். மாசியில் கப்பற்படைக் கலவரத்தின்போது தெருவில் சுட்டுத் தள்ளினார்களே, அவர்களில் ஒருவன் மாதிரி.

 பிச்சம்மாளின் புருஷன் செல்லத்துரை அந்தத் துப்பாக்கிச்சூட்டில்தான் செத்தான். கலவரத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. ஷாப்பு வேலையாகப் பரேலுக்குப் போனவன். உடம்பைக்கூடக் கொடுக்காமல் கும்பலோடு கும்பலாக எரித்துவிட்டார்கள். அவன் உடுத்திய துணியாவது கிடைத்தால் கருமாதி செய்து அனுப்பிவைக்கலாம் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து ஓய்ந்திருந்தாள்.

துடைக்கும் துணியோடு பொம்மையின் அருகில் போனாள்.

சட்டையின் கக்கத்தில் ஊதா நிற ஒட்டு. தன் சேலையைக் கிழித்து அவளே தைத்த ஒட்டு.

நெஞ்சில் ஓர் ஓட்டை. ஓட்டைக்குப் பின்னால் கண்ணாடிக் கண்.

ஆஸ்பத்திரிப் பழந்துணி மூட்டையில் வாங்கியது என்றார் நம்பிராஜன். ஓட்டை போடும் வேலை மிச்சம் என்று சிரிக்கவும் செய்தார். இது என் புருஷன் சட்டை, கொடுத்துவிடுங்கள் அண்ணாச்சி என்று அவள் கெஞ்சினாள். அவரும் அவளைப்போலத் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்தான். அடிபட்டுச் செத்தவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாவிட்டால் அவன் அடங்கமாட்டான் என்று தெரியாதவரல்ல. இந்தச் சட்டைக்காகத்தான் சோல்ஜர்கள் வருகிறார்கள், போய்த் தரையைத் துடை என்றார், பாவி.

சோல்ஜர் ஒருவன் வந்து துப்பாக்கியை எடுத்தான். மணி அடித்தது. பொம்மை சுற்றியது. மறுபடியும் மணி. மறுபடியும்.

சுற்றி நின்றபோது அதன் மரவாய், பக்கத்தைவிட்டு நகராமல் நின்ற அவள் காதருகே இருந்தது.

“ஏ புள்ள... நான் இன்னும் எத்தன தடவ சாவணும்?”

அவளுக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. சட்டையைப் பிடித்து உருவினாள், பித்தான்கள் தெறித்துச் சட்டை கையோடு வந்தது. நம்பிராஜன் ஓடிவந்து பொம்மைக்கு முன்னால் மறித்துக்கொண்டு நின்றார்.

“அப்ப நீரு நில்லும்” என்றாள்.

சோல்ஜர் விளையாட்டாக அவர் நெஞ்சைக் குறிபார்த்தான்.

மணி அடித்தது.

நம்பிராஜனின் இரண்டு கையும் மேலே போயின. உடம்பு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. துப்பாக்கியைப் போட்டுவிட்டு சோல்ஜர் கதவைத் திறந்துகொண்டு ஓடினான். திறந்த கதவு வழியாக வெயில் அவர்மேல் விழுந்தது.

அவர் சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார்.

அதன்பிறகு அவர் வீட்டில் இருட்டறையிலேயே கிடந்தார். பக்கத்தில் யாராவது தீக்குச்சி கிழித்தாலும் கை மேலே போயிற்று. அவர் மனைவி முப்பிடாதியம்மாள் தாராவிக்கு வந்து, சீக்கிரம் கருமாதியை முடித்துவிடு தாயி என்று அழுதாள். அந்த அம்மாளைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் பிச்சம்மாள் சரி என்றாள்.

மறுநாள் காலையில் மாஹிம் கழிமுகத்தில் சுள்ளி அடுக்கிச் சட்டையை மேலே விரித்தாள். போய்ச் சேருங்க என்று சொல்லிக் கொளுத்தவேண்டியதுதான் பாக்கி.

காற்றே இல்லை.

சட்டையின் நெஞ்சு மேலே எழும்பி இறங்கியது. மறுபடியும் எழும்பியது, கோபத்தில் மூச்சு வாங்குகிறவனுடையதைப் போல.

“இன்னும் அடங்கலியா ஒங்களுக்கு?” என்று மெல்லக் கேட்டாள். “எனக்கும் அடங்கல.”

தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சட்டையை மடித்து மார்போடு அணைத்து வீட்டைப் பார்த்து நடந்தாள். வழியெல்லாம் அது மூச்சு வாங்கிக்கொண்டே வந்தது.