நலமாக இருந்தவர்களின் சாட்சி

ஞாயிறு மாலை ஐந்து மணி. புனேயின் வாகட் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வீடாக வாந்தி தொடங்கியது. மதியம் தமிழ்க் குடும்பங்கள் கூடிச் சாப்பிட்ட விருந்துதான் காரணம். சுஷ்மாவின் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"பாயசம்தான்!" என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர் பத்ரிநாத். "வாந்தி எடுத்தவங்களை விசாரிச்சேன். முக்கால்வாசிப் பேருக்கு மேல பாயசம் சாப்பிட்டிருக்காங்க."

சமைத்தது, அங்கேயே குடியிருந்து டிபன் கொடுக்கும் கிரிஜா. அவளுடைய தொழிலை நிறுத்தப் புதன்கிழமை கூட்டம் என்று முடிவாயிற்று.

அதே குடியிருப்பில் வசிக்கும், கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஸ்ரீவித்யா மறுநாள் கிரிஜாவின் கதவைத் தட்டினாள்.

"என்னென்ன செஞ்சீங்க?"

"சாதம், சாம்பார், பொரியல், அப்பளம், பாயசம். அவ்வளவுதானுங்க."

"பாயசம் கெட்டுப்போச்சா?"

"அப்படித்தான் இருக்கோணும். என் தப்புங்க."

உள்ளே அவள் கணவர் பரமசிவம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். போசரி தொழிற்பேட்டையில் பார்த்த வேலை போனதிலிருந்து அவர் யாரோடும் பேசுவதில்லை.

இவ்வளவு சுலபமாக யாராவது பழியை ஏற்பார்களா? ஸ்ரீவித்யாவுக்கு உறுத்தியது. விருந்துக்கு வந்த எல்லாருடைய பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி நாற்பது பேரை எடுத்தாள். நலமாக இருந்தவர்களையும் விடாமல் விசாரித்தாள்.

புதன் காலை பத்ரிநாத்தைக் கிரிஜா வீட்டுக்கே அழைத்து வந்தாள்.

"சார், பாயசம் சாப்பிட்டவங்கள்ல பாதிப் பேருக்கு வாந்தி. தொடாதவங்கள்லயும் அதே பாதி. அப்புறம் பாயசம் எப்படிக் காரணம் ஆகும்? அன்னைக்கு அதை அனேகமா எல்லாருமே சாப்பிட்டாங்க. நீங்க நல்லா இருக்கறவங்களைக் கேக்கவே இல்லை."

"அப்போ எது?"

"மோர். குடிச்ச இருபது பேர்ல பதினெட்டு பேருக்கு வாந்தி. குடிக்காத இருபதுல ரெண்டே பேர். தற்செயலா இவ்வளவு வித்தியாசம் வராது. கிரிஜா, நீங்க சொன்ன சமையல்ல மோரே இல்லை. அதை யார் கலக்கினாங்களோ, அவங்களைக் காப்பாத்தறீங்க. உங்க வீட்டுக்காரர்தானே?"

கிரிஜா தலைகுனிந்தாள். பரமசிவம் எழுந்து வந்தார்.

"நான்தாம்மா. வெயிலா இருந்துச்சு, எல்லாரும் குளுகுளுன்னு குடிக்கட்டும்னு ஐஸ் வாங்கிப் போட்டேன். மீன் பெட்டிக்குப் போடற ஐஸ்னு தெரியலைங்க."

"ஏன் மறைச்சீங்க?" என்றார் பத்ரிநாத்.

"ரொம்ப மாசம் கழிச்சு அன்னைக்குத்தானுங்க இவர் சிரிச்சாரு," என்றாள் கிரிஜா. "அதுதான் வினைன்னு எப்படிங்க சொல்லுவேன்?"

மாலைக் கூட்டத்தில் பரமசிவமே எழுந்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். வீடு திரும்பிவிட்ட குழந்தையைத் தோளில் சாய்த்தபடி சுஷ்மா கேட்டாள்:

"இவனுக்கு நாளைக்குக் கஞ்சி வேணும். கிடைக்குமா?"

கிரிஜா வாய் திறக்குமுன் பரமசிவம் முந்திக்கொண்டார்.

"எத்தனை மணிக்குங்க கொண்டு வரட்டும்?"