ஒன்பதாம் அறையில் ஒரு நிமிடம்

மத்தியானம் இரண்டு மணிக்கு அவன் வார்டுக்குள் நுழைந்தபோது, அவனுக்கு முன்பே அவனுடைய இசை அங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

தாழ்வாரத்தின் மூலையில், கூரையை ஒட்டி ஒரு சின்ன ஸ்பீக்கர். அதிலிருந்து ஒரு நீண்ட முனகல் கசிந்துகொண்டிருந்தது. நடுவில் எங்கோ தண்ணீருக்கு அடியில் அடித்ததுபோல ஒரு மணி. ஒன்று. வெகுநேரம் கழித்து இரண்டு. இன்னும் வெகுநேரம் கழித்து மூன்று.

அந்த மணியைக் கேட்டதும் அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தான். உலகத்துக்கே தூக்கம் கொடுக்கும் மணி அவனுக்கு மட்டும் ஐந்து வருஷமாகத் தூக்கத்தைக் கெடுத்துவந்தது.

தலைமை நர்ஸ் மேஜையிலிருந்து எழுந்தாள். "நீங்கதானே அந்தத் தூக்கக்காரர்?"

"ஆமாம் சிஸ்டர்."

ஊரெல்லாம் அவனுக்கு அதுதான் பேர். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது, வாயைத் திறந்து ஒரு வரி பாடியது கிடையாது. ஃபேன் சத்தம், மழைச் சத்தம், குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம், இவற்றைப் பிடித்து எட்டு மடங்கு, பத்து மடங்கு மெதுவாக்கி ஒன்றின்மேல் ஒன்று போர்த்திவிடுவான். அவ்வளவுதான் வித்தை. விமான நிலையத்திலும் பல் டாக்டர் வீட்டிலும் கைக்குழந்தையின் தொட்டிலுக்குப் பக்கத்திலும் அது ஓடிக்கொண்டிருந்தது. அவன் கச்சேரி என்றால் ஜனங்கள் பாயோடு வருவார்கள். விளக்கை அணைத்ததும் படுத்துக்கொள்வார்கள். எத்தனை பேர் குறட்டை விட்டார்கள் என்பதுதான் அவனுக்குக் கைதட்டல். ஆளைத் தூங்கவைத்தே பெயர் வாங்கியவன் என்று அக்கா கிண்டல் செய்வாள்.

அந்த அக்கா இப்போது இதே வார்டில் ஆறாம் படுக்கையில் இருந்தாள். மறுநாள் காலை இதயத்தில் ஆபரேஷன்.

"நாளைக்கு உள்ள கொண்டுபோற வரைக்கும் என் கூடவே இருடா," என்றாள். "அப்பா கையப் பிடிச்சிட்டு இருந்த மாதிரி என் கையையும் பிடிச்சிக்கோ. அது போதும். எனக்குப் பயமே இல்ல."

பூமி பிளந்து உள்ளே போய்விடக்கூடாதா என்று இருந்தது அவனுக்கு. அக்காவின் கண் அவன் விரலில் கிடந்த மோதிரத்தில் நின்றது. அப்பாவின் மோதிரம். 'கடைசிவரைக்கும் கூட இருந்தவன் நீதான், நீயே போட்டுக்கோ' என்று அவளே மாட்டிவிட்டது.

கூட இருந்தான்தான். எப்படி இருந்தான் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஒலிப்பதிவுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இடத்துக்குப் போனாலும் அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் முழுசாகப் பதிந்துகொள்வார்கள். அறையோசை என்பார்கள். அந்த ஒரு நிமிடம் யாரும் அசையக்கூடாது, தும்மக்கூடாது. அவன் ஆள்காட்டி விரலை உயர்த்திவிட்டால் வீட்டில் எல்லோரும் சிலையாகிவிடுவார்கள். அந்த விரலின் அர்த்தம் அப்பாவுக்கும் தெரியும்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு அப்பா இதே வார்டில் ஒன்பதாம் அறையில் கிடந்தார். தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போயிருந்தது. ஏதாவது வேண்டுமென்றால் மோதிர விரலால் கட்டில் கம்பியில் மூன்று தட்டு தட்டுவார். 'இங்க வா' என்று அர்த்தம். அன்று அக்கா குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தாள். ஒன்பதாம் அறை அவ்வளவு அழகாக அமைதியாக இருந்தது. அவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. உள்ளே ஜன்னலோரம் பதிவுக் கருவியை வைத்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டுக் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தான்.

இருபதாவது நொடியில் மூன்று தட்டு.

அவன் நிமிர்ந்தான். திறந்திருந்த கதவு வழியாக அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். 'ஒரு நிமிஷம்பா' என்று முணுமுணுத்து விரலை உயர்த்தினான்.

அப்பா கையைக் கம்பியிலிருந்து எடுத்துப் போர்வைமேல் வைத்துக்கொண்டார். பிள்ளையின் வேலை கெடக்கூடாதே என்று, சத்தம் போடாமல்.

நிமிடம் முடிந்து அவன் உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

'கடைசிவரை கையப் பிடிச்சிட்டே இருந்தேன்க்கா' என்று சொன்னான். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அதோடு விட்டானா? ஒரு மாதம் கழித்து அந்தப் பதிவைத் திறந்து, தன் முணுமுணுப்பை மட்டும் வெட்டியெறிந்துவிட்டு, அந்த மூன்று தட்டை எட்டு மடங்கு இழுத்து மணியாக்கினான். அதுதான் அவனைப் பெரிய ஆளாக்கியது. அது எந்த மணி என்று கேட்காத பேட்டி இல்லை. சிரித்தே சமாளித்துவந்தான். ஏதோ பெரிய ரகசியம் என்று ஜனங்கள் இன்னும் மயங்கினார்கள்.

"ஒரு உதவி சார்," என்று நர்ஸ் தாழ்வாரத்தில் குரலைத் தணித்தாள். "ஒன்பதாம் ரூம்ல இப்ப யாரையும் போடறதில்ல. படுத்தவங்க எல்லாம் யாரோ கம்பியத் தட்டறாங்கன்னு சொல்றாங்க. உங்க மணிதான் அப்படிக் கேக்குதுன்னு நினைச்சேன். ஸ்பீக்கர நிறுத்திப் பார்த்துட்டோம். அப்பவும் கேக்குது. உங்க மெஷின் வச்சு என்னன்னு பார்த்துச் சொல்றீங்களா?"

முடியாது என்றால் என்ன காரணம் சொல்வது?

நர்ஸ் ஸ்பீக்கரை நிறுத்தினாள். அவன் ஒன்பதாம் அறைக் கதவைத் தள்ளினான்.

ஃபினாயில் வாடை. அதற்கு அடியில், மிக லேசாக, அப்பா நெற்றியில் தடவிக்கொள்ளும் தைலத்தின் வாடை. ஐந்து வருஷம் தினமும் கழுவித் துடைக்கும் அறையில் அது எப்படி இருக்கும்? வெயில் திரைச்சீலையில் பட்டு அறை முழுக்க வெளிறிய மஞ்சளாகக் கிடந்தது. மெத்தை இல்லாத கட்டில். வெறும் இரும்பு.

பையிலிருந்து கருவியை எடுத்து ஜன்னலோரம் வைத்தான். ஹெட்போனை மாட்டினான். பொத்தானை அழுத்தினான்.

பத்து நொடி. குழாய்க்குள் எங்கோ தண்ணீர். பதினைந்து. அவனுடைய மூச்சு.

இருபது.

டக். டக். டக்.

ஹெட்போனைப் பிடுங்கி எடுத்தான். அறையில் சத்தமே இல்லை. கட்டில் அப்படியே இருந்தது. மறுபடி மாட்டினான்.

காதுக்குள் ஒரு முணுமுணுப்பு.

"ஒரு நிமிஷம்பா."

அவனுடைய குரல். அவன் வெட்டியெறிந்த அதே குரல்.

எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஆறாம் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தபோது அவன் உடம்பெல்லாம் வேர்த்திருந்தது.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"அக்கா, நான் அப்பா கையப் பிடிக்கல."

அக்கா ஒன்றும் புரியாமல் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். கருவியை, விரலை, போர்வைமேல் போன அந்தக் கையை, மணியை, சற்றுமுன் ஒன்பதாம் அறையில் கேட்டதை. சொல்லச் சொல்ல அவன் குறுகிக்கொண்டே போனான்.

"அவர் தட்டினது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேட்டும் நீ எழுந்திரிக்கல."

அவன் விரலிலிருந்த மோதிரத்தைத் திருகினான்.

"அஞ்சு வருஷமா அதக் கேட்டுட்டுத்தான் தூங்கறேன்டா நான்," என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூட அவனுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். "எங்கப்பா கூப்பிடறதக் கேட்டுட்டுத் தூங்கியிருக்கேன்."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அவர்கிட்டப் போய்ச் சொல்லு."

அவன் எழுந்து திரும்பவும் ஒன்பதாம் அறைக்குப் போனான். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. கட்டிலின் இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்தான். ஹெட்போனை மாட்டி, கருவியைப் புதிதாக ஓடவிட்டான். அப்பாவின் மோதிரத்தால் கம்பியில் மூன்று முறை தட்டினான்.

"அப்பா. வந்துட்டேன்பா."

ஒன்றுமில்லை. தண்ணீரும் அவன் மூச்சும்.

பிறகு அவன் மூச்சுக்குப் பக்கத்தில் இன்னொரு மூச்சு.

தொண்டையில் சளி அடைத்த, இழுத்து விடும் மூச்சு. அதற்குள்ளிருந்து ஒரு குரல். ஆபரேஷனுக்கு முன்பு, இவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிய காலத்துக் குரல்.

"ஒரு நிமிஷம்."

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சரிப்பா என்று சொல்லக்கூட வாய் திறக்கவில்லை. அசையாமல் இருந்தான். கருவியின் எண்கள் ஓடின. நாற்பது. ஐம்பது. ஐம்பத்தொன்பது.

ஐம்பத்தொன்பது.

ஐம்பத்தொன்பது.

கதவுக்கு மேலே சுவர்க் கடிகாரம் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. மூன்று மணி. மூன்றேகால். கருவியின் எண் மட்டும் நகரவில்லை. காதுக்குள் அந்த மூச்சு இழுத்து விட்டது, இழுத்து விட்டது. அவன் இடுப்பு விறைத்துப்போனது. இந்த நிமிடம் முடிந்தால் அப்பா ஏதாவது சொல்வார். திட்டுவார். திட்டினால் போதும் என்று காத்திருந்தான்.

கதவு திறந்தது. நர்ஸின் உதடு அசைந்தது. ஹெட்போனுக்கு வெளியே எங்கோ தூரத்தில் அவள் குரல்.

"சார், ஆபரேஷன் தியேட்டர் காலியாயிருச்சாம். டாக்டர் இன்னைக்கே பண்ணிடலாம்னுட்டார். அக்கா உங்களக் கூப்பிடறாங்க."

காதுக்குள் மூச்சு நின்றது. ஏதோ சொல்லப்போவதுபோல நின்றது.

அவன் கை தானாகவே மேலே போனது. பாதி உயர்ந்த தன் விரலைப் பார்த்தான்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் எழுந்து போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அக்காவைத் தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஆனால் போர்வைக்கு வெளியே கையை நீட்டியிருந்தாள். அவன் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தியேட்டர் கதவுவரை கூடவே நடந்தான். அங்கே அவள் ஒரே ஒரு தரம் அவன் கையை அழுத்திவிட்டுப் போனாள். மன்னிப்பா, பயமா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்று மட்டும் தெரிந்தது.

தியேட்டருக்கு வெளியே வரிசையாக இரும்பு நாற்காலிகள். அவனைத் தவிர யாரும் இல்லை. ஐந்து மணி வெயில் தரையில் நீளமாகக் கிடந்தது. நர்ஸ் கருவியையும் ஹெட்போனையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"விட்டுட்டு வந்துட்டீங்க. நான் அணைக்கல, அதுவே நின்னு போயிருந்துச்சு. என்ன சத்தம்னு தெரிஞ்சுதா சார்?"

"தெரிஞ்சுது சிஸ்டர். இனிமே அந்தப் பாட்ட இங்க போடாதீங்க."

அவள் போனபிறகு ஹெட்போனை மாட்டிப் பதிவின் கடைசியைக் கேட்டான். நர்ஸின் குரல். ஹெட்போன் தரையில் விழும் சத்தம். அவனுடைய ஓட்டம், கதவைத் தாண்டித் தேய்ந்து போனது.

பிறகு கட்டில் கிறீச்சிட்டது.

யாரோ எழுந்திருக்கிறார்கள். ரப்பர் செருப்பு தரையில் இழுபட்டது. ஒரு அடி. இன்னொரு அடி. வாசலைத் தாண்டியது. அவன் ஓடிய வழியே வந்தது.

தூரமாகப் போகப் போகச் சத்தம் குறைய வேண்டும். கருவி அங்கேதானே இருந்தது?

குறையவில்லை. கிட்டே வந்தது.

இன்னும் கிட்டே.

நின்றது. பதிவு அங்கே முடிந்திருந்தது.

அவன் ஹெட்போனை மெல்லக் கழற்றினான். தைல வாடை. பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதன் இரும்புக் கைப்பிடியில், காதில் ஒன்றும் மாட்டாமலே கேட்கும்படி:

டக். டக். டக்.

சொல்லுங்கப்பா என்றுதான் அவன் சொல்ல நினைத்தான். சத்தியமாக அதைத்தான் நினைத்தான். ஆனால் பழகிய கை அதற்குள் உயர்ந்துவிட்டிருந்தது, ஆள்காட்டி விரல் நேராக நின்றது. அந்த விரலைப் பார்த்து அவன் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டான்.

சில்லென்ற ஒரு கை அந்த விரலைப் பிடித்து மெதுவாக மடக்கியது. பிறகு விடவே இல்லை.