மணி அடிக்காத இறுதி ஆட்டம்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பின்னால் இருக்கிறவர்களும் நகர்ந்து வாருங்கள், என் குரல் அவ்வளவு தூரம் எட்டாது. இன்றைக்கு ஒருவன் பழிவாங்கின கதையைச் சொல்லப்போகிறேன். இன்னும் எழுபது வருடம் கழித்து நடக்கப்போகிறது. ஆனால் நடந்து முடிந்தது போலத்தான் சொல்வேன், அப்படித்தான் எனக்குச் சொல்ல வரும்.

கோத்தகிரியில் டென்னிஸ் இறுதி ஆட்டம் என்றால் காலை ஐந்தரைக்கே அரங்கம் நிறைந்துவிடும். சமவெளியில் வெளியே ஓடியாட முடியாத அளவுக்கு வெயில் ஏறிப்போய், பெரிய போட்டிகளெல்லாம் மலைக்கு வந்து சேர்ந்துவிட்ட காலம். வந்த ஜனங்கள் மடியில் இடியாப்பப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொள்வார்கள். ஆனால் பந்தைப் பார்க்க மாட்டார்கள். அரங்கத்துக்கு மேலே தொங்கும் பலகையைப் பார்ப்பார்கள். அதில் முந்தி நிற்பவன் பெயரும், பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்ணுக்கு வாய்ப்பெண் என்று பெயர்.

ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும், இன்னார் ஜெயிக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று முடிவுக்கணி என்கிற கம்ப்யூட்டர் சொல்லும். எண் தொண்ணூற்றைந்தைத் தொட்டால் மணி அடிக்கும். அத்தோடு ஆட்டம் முடிந்தது, மிச்சத்தை ஆட வேண்டியதில்லை. முன்பு ஒரு கோடையில் மூன்று ஆட்டக்காரர்கள் மைதானத்திலேயே சுருண்டு விழுந்து செத்துப்போனதால், நல்ல மனதோடு கொண்டுவந்த விதிதான் இது. ஆனால் இருபத்திரண்டு வருடமாகப் பெரிய ஆட்டங்களில் கடைசிப் புள்ளி என்று ஒன்றை யாரும் ஆடியதே இல்லை.

இன்னொரு விதியும் உண்டு. ஒருவன் நொண்டுவதைக் கணியின் கண் பார்த்து, எதிரே நிற்பவன் கையைத் தூக்கி "அவன் காலில் வலி, ஆட்டத்தை நிறுத்துங்கள்" என்று சொன்னால், சொன்னவன் எண்ணில் ஐந்து கூடும். கையைத் தூக்கியவன் பொய் சொல்லியிருந்தால்? அது நிரூபணமானால் அவன் வாங்கிய பட்டங்கள் எல்லாம் போகும், இனி வாங்குவதும் சேர்த்து. அந்தப் பயம் போதும் என்று நினைத்தார்கள்.

தூத்துக்குடி ராயப்பனும் கிருஷ்ணகிரி தீர்த்தகிரியும் பதினான்கு வயதில் ஓசூர் பயிற்சிக்கூடத்தில் ஒரே அறையில் தங்கியவர்கள். ஒரே வாளியில் துணி துவைத்தவர்கள். அங்கேதான் இருவரும் சேர்ந்து ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பது. எதிராளி ஏமாந்து வலைக்குப் பக்கத்தில் பந்தை மெதுவாகப் போடுவான். அப்போது பாய்ந்து வந்து அடிப்பது. அதற்குக் கோழிநடை என்று பெயர் வைத்தார்கள். யாருக்கும் சொல்லவில்லை.

இருபத்திரண்டு வயதில் இருவரும் முதல்முறையாக இறுதி ஆட்டத்தில் எதிரெதிரே நின்றார்கள். தீர்த்தகிரியின் எண் தொண்ணூற்றொன்றில் இருந்தபோது ராயப்பன் கோழிநடை நடந்தான். தீர்த்தகிரி அவன் காலைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான், லேசாகச் சிரித்தான். பிறகு முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு கையைத் தூக்கினான்.

"அவன் காலில் வலி. ஆட்டத்தை நிறுத்துங்கள்."

மணி அடித்தது. இரக்கமுள்ள வீரன் என்று உலகமே தீர்த்தகிரியைக் கொண்டாடியது. ராயப்பன் விசாரணைக் குழுவுக்குப் போய், வலியே இல்லை, அது நடிப்பு, அவனுக்கும் தெரியும் என்று சொன்னான். தோற்றவன் பேச்சு என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். தீர்த்தகிரி சொன்னது பொய் என்று நிரூபிக்க உலகத்தில் இருந்தது ஒரே ஒரு வாய்தான். தீர்த்தகிரியின் வாய்.

அந்தப் பட்டத்தையும் சேர்த்துப் பதினோரு வருடத்தில் தீர்த்தகிரி பத்தொன்பது பட்டம் வாங்கினான். இருபதாவது கிடைத்தால் அதுவரை யாருக்கும் இல்லாத எண்ணிக்கை. ராயப்பன் அந்த முதல் ஆட்டத்தோடு சேர்த்து நான்கு முறை இறுதிக்கு வந்து, நான்கு முறையும் மணி கேட்டுத் திரும்பினான்.

அவனுக்கு ஓர் அக்கா, பிலோமினா. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஆலையில் வேலை. வேலை முடிந்ததும் தம்பிக்குப் பயிற்சி கொடுப்பது அவள்தான். அந்த வருடம் அவன் கேட்ட பயிற்சி அவளுக்குப் புரியவில்லை. கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு அவள் கணக்குப் போட வேண்டும். எண் தொண்ணூற்றைந்தைத் தொட்டால் ஊத வேண்டும். அவள் ஊதாதபடி ஐந்து மணி நேரம் ஆடுவது அவன் வேலை. முந்தி நிற்கும்போது வேண்டுமென்றே இரண்டு பந்தை வெளியே அடிப்பான்.

"ஏல, அவன ஜெயிச்சா போதாதா?" என்றாள்.

"போதாதுக்கா. மணி அடிச்சா சிரிச்சுக்கிட்டே கை குடுத்துட்டுப் போயிருவான். மணி அடிக்காம, வெயிலு மண்டையப் பொளக்க வரைக்கும் அவன உள்ளயே நிறுத்துவேன். ஒரு நேரத்துல விட்டுருன்னு கெஞ்சுவான் பாரு. அப்ப அவன் வாயால அந்த உண்மைய வாங்குவேன்."

"வாங்கி?"

"வாங்கணும். அவ்வளவுதான்."

இப்போது அந்த ஐந்தாவது இறுதி ஆட்டத்துக்கு வருவோம். காலை ஆறு மணிக்குத் தொடங்கியது பதினோரு மணிக்கும் முடியவில்லை. ராயப்பனின் எண் தொண்ணூறுக்கு ஏறும், எழுபதுக்கு இறங்கும், மறுபடி ஏறும். ஜனங்கள் முணுமுணுத்தார்கள். தீர்த்தகிரிக்கு மூன்றாவது மணி நேரத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை, கொடுத்த புள்ளியை வாங்காமல் எப்படி இருப்பான்?

ஐந்தாவது செட். ராயப்பன் ஐந்து, தீர்த்தகிரி இரண்டு. பலகையில் ராயப்பன் தொண்ணூற்று மூன்று. பக்கம் மாறுவதற்காக இருவரும் வலையோரம் வந்தபோது தீர்த்தகிரி வலது காலை இழுத்துக்கொண்டு வந்தான்.

"ராயப்பா, கையத் தூக்குடா," என்றான் மெதுவாக. "நெஜமாவே போச்சு."

"கோழிநடை நல்லா வருதே. ஓசூர்லகூட நீ இவ்வளவு அழகா நடக்கலியே."

"சத்தியமா நடிக்கலடா."

"அப்ப ஒரு வார்த்த சொல்லு. நடுவர் மைக்கு அந்தா இருக்கு. அன்னைக்கு என் காலுல ஒண்ணுமில்ல, தெரிஞ்சேதான் கையத் தூக்குனேன்னு சொல்லு. அடுத்த நிமிசம் நான் தூக்குதேன்."

"சொன்னா பத்தொம்பதும் போயிடும்."

"எங்கிட்ட ஒண்ணுகூட இல்லல. நான் உசுரோடதான இருக்கேன்."

தீர்த்தகிரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நொண்டியபடியே தன் பக்கம் போனான்.

பார்வையாளர் வரிசையில் பிலோமினா எழுந்து நின்றுவிட்டாள். "ஏல, அது நடிப்பு இல்லல. கெண்டக்காலப் பாரு. கையத் தூக்கு," என்று கத்தினாள்.

ராயப்பன் பார்த்தான். தீர்த்தகிரியின் கெண்டைக்காலில் தோலுக்கு அடியில் எலுமிச்சை அளவு ஒரு முடிச்சு, தானாக மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தது. அது நடிப்பில் வராது. அது ராயப்பனுக்கு நன்றாகவே தெரியும். கையைத் தூக்கினால் தொண்ணூற்றெட்டு. மணி. கோப்பை. 'அவன் காலில் வலி' என்று பதினோரு வருடம் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகிய வாக்கியம் வேறு, நாக்கு நுனியில் இருந்தது.

அவன் தூக்கவில்லை. அடுத்த சர்வை வேண்டுமென்றே வலையில் அடித்தான். அதற்கடுத்ததையும்.

ஐந்துக்கு மூன்று, ஐந்துக்கு நான்கு, ஐந்துக்கு ஐந்து. பிறகு ஆறுக்கு ஆறு. இனி டை-பிரேக், முதலில் ஏழு புள்ளி எடுப்பவன் ஜெயிப்பான், ஆனால் இரண்டு புள்ளியாவது முந்த வேண்டும். ராயப்பன் அதையும் சமமாகவே கொண்டுபோனான். பலகையில் ஐம்பது, ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று. அதைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. அதனால் ஜனங்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்து பந்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். பாதிப் பேருக்கு அது வாழ்க்கையில் முதல் தடவை.

ஆறு புள்ளிக்கு ஆறு. தீர்த்தகிரியால் குதித்து சர்வ் போட முடியவில்லை. சிறுவர்கள் போடுவது போல இடுப்புக்குக் கீழிருந்து தட்டிவிட்டான். அதை எதிர்பார்க்காத ராயப்பன் ஓடி வருவதற்குள் பந்து இரண்டு முறை துள்ளிவிட்டது. ஏழுக்கு ஆறு. தீர்த்தகிரி எழுபத்தெட்டு.

இப்போது ராயப்பன் சர்வ் போட வேண்டும். இந்தப் புள்ளியை விட்டால் ஆட்டம் போய்விடும். இனி விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்து, முழு பலத்தோடு அடித்தான். தீர்த்தகிரி ஒற்றைக் காலில் நின்று மட்டையை நீட்டினான். பந்து மெதுவாக எழும்பி, வலைக்கு முன்னால் ராயப்பனின் கைக்கு எட்டும் உயரத்தில் வந்து தொங்கியது. மைதானம் முழுக்கக் காலி. எங்கே அடித்தாலும் புள்ளிதான்.

காலையிலிருந்து வேண்டுமென்றே தப்பாக அடித்துக்கொண்டிருந்த கை அது. பந்து வலையின் மேல்பட்டியில் பட்டு, அவன் பக்கமே விழுந்தது.

மணி அடிக்கவில்லை. கணிக்க எதுவும் மிச்சமில்லாததால் பலகை வெறுமையாகிவிட்டது. நடுவர் அண்ணாந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்தது என்று சொல்ல அவர் பழகியதெல்லாம் மணிச் சத்தத்துக்குப் பிறகுதான்.

தீர்த்தகிரி தரையில் விழுந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். முதலில் ஓடியது ராயப்பன். வலையைத் தாண்டிப் போய், கையை உயரத் தூக்கினான்.

"இவன் காலில் வலி. ஆட்டத்தை நிறுத்துங்கள்," என்றான். மருத்துவர்களைக் கூப்பிட அவனுக்கு வேறு வாக்கியம் வரவில்லை.

"அது முடிஞ்சு போச்சுடா," என்றான் தீர்த்தகிரி, பல்லைக் கடித்தபடி. "யாரு ஜெயிச்சா?"

"நீ."

"இது ஒண்ணுதான்டா நானா ஜெயிச்சது. மத்ததெல்லாம் மணி அடிச்சுக் குடுத்தது." மூச்சு வாங்கினான். "மைக்கக் கொண்டா."

நடுவர் கையிலிருந்து ராயப்பன் மைக்கை வாங்கினான். தீர்த்தகிரி என்ன சொல்லப்போகிறான் என்று அவனுக்குத் தெரியும். வேண்டாம்டா என்று கையை இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை. தீர்த்தகிரியின் வாய்க்கு நேராகப் பிடித்தான்.

"பதினோரு வருசத்துக்கு முன்னால இவன் காலுல ஒண்ணுமே இல்ல," என்று அரங்கம் முழுக்கக் கேட்டது. "எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

விதிப்படி பத்தொன்பது பட்டமும் போயின. அன்று ஜெயித்த இருபதாவதும் போயிற்று. தசைநார் அறுந்து போனதால் தீர்த்தகிரி அதன்பின் மட்டையைத் தொடவில்லை, ஊன்றுகோலைத் தொட்டான். கோப்பையை ராயப்பன் வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசிப் பந்தை வலையில் அடித்தவன் நான் என்று எழுதி அவன் திருப்பி அனுப்பிவிட்டான். கோத்தகிரி அரங்கத்துச் சுவரில் அந்த வருடத்துக்கு நேரே இன்றும் பெயர் இல்லை.

பிறகு இருவரும் நண்பர்களாகிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. பிலோமினா மூன்று மாதம் தம்பியோடு பேசவில்லை. பேசிய அன்று ஒன்றுதான் கேட்டாள்.

"நீ கேட்டது கெடச்சிட்டுல்லா. என்னல பண்ணப்போற அத வச்சி?"

ராயப்பன் திரும்பி நடந்தான். ஐஸ் ஆலைக்குள் போய், பாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். மைக்கைப் பிடித்த கை மரத்துப்போகும் வரைக்கும் அடுக்கினான்.

அவ்வளவுதான் கதை. எழுந்திருங்கள் செல்லங்களா, வீட்டில் தேடுவார்கள். உங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் பாதியில் நின்றுபோய் வருடக்கணக்காகப் புளிக்காமல் இருக்கட்டும். அண்ணன் தம்பி மோதினாலும் அன்று சாயங்காலமே ஒரே தட்டில் கை வைக்கட்டும். நேரத்தோடு கையைத் தூக்கி, போதும் இவனுக்கு வலிக்கிறது என்று சொல்கிற ஒருவர் உங்கள் கூரைக்குக் கீழே எப்போதும் இருக்கட்டும். குழந்தை குட்டியோடு நன்றாக இருங்கள்.