ஐம்பத்திரண்டு மொட்டைத் தலைகள்

தம்பியைக் காணோம் என்று சொல்ல வந்த பெண்ணை, மனநல மருத்துவமனைகளின் தலைமை அலுவலகத்தில் மூன்று மேசைகள் அலையவிட்டு, நான்காவது மேசைக்கு அனுப்பினார்கள். புகார்கள் கடைசியில் வந்து சேரும் மேசை அதுதான். வந்து சேர்வதோடு சரி.

அந்த மேசையின் விசாரணை அதிகாரிக்கு ஓய்வு பெற ஏழு வாரம் பாக்கி இருந்தது. அரசு நடத்தும் ஏழு மனநல மருத்துவமனைகளிலும் இருபத்திரண்டு விசாரணைகள் நடத்தி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பரிந்துரை எழுதியவர். அவற்றில் நடைமுறைக்கு வந்தது ஒன்றே ஒன்று. மாத்திரை விழுங்கியதும் நோயாளியே குவளையைத் தட்டில் கவிழ்த்து வைக்க வேண்டும், உள்ளே மாத்திரை மிச்சமிருந்தால் தெரிந்துவிடும் என்பது அது. அதையும் ஏழில் ஆற்றங்கரை மருத்துவமனை ஒன்றுதான் எடுத்துக்கொண்டது. மற்ற ஆறும் சுற்றறிக்கையைக் கோப்பில் வைத்துக் கை கழுவிவிட்டன. அலுவலகத்தில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'பரிந்துரை' என்றே பெயர். அது அவருக்கும் தெரியும்.

"உக்காருங்கம்மா. பதறாம சொல்லுங்க," என்றார்.

"நான் தையல் வேலை பாக்கறேங்க. என் தம்பி பத்து வருஷமா மேட்டு ஆஸ்பத்திரியில இருக்கான். இப்ப நல்லாயிட்டான், கூட்டிட்டுப் போகலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. நாளைக்கு சனிக்கிழமை கூட்டிட்டுப் போறதா இருந்தேன். நேத்து வியாழன், பாக்கற நாள். புதுச் சட்டை தைச்சு எடுத்துட்டுப் போனேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க, வேற யாரையோ கூட்டிட்டு வந்தாங்க. இவர் இல்லைங்கன்னேன். அப்புறம்தான் தேடவே ஆரம்பிச்சாங்க."

"என்ன சொல்றாங்க?"

"காலையில சுவரேறிக் குதிச்சு ஓடிட்டானாம். பின்னாடி குளத்துல போலீஸ் ஆளை இறக்கித் தேடறாங்க. வீட்டுக்குப் போக நாள் எண்ணிட்டிருந்தவன் எதுக்குங்க ஓடறான்?" அவள் கைப்பையின் வாரை இழுத்து இழுத்துப் பார்த்தாள். "அவனுக்கு வலிப்பு உண்டு. காலையும் ராத்திரியும் மாத்திரை தவறக் கூடாது. நாலு நாள் விட்டா எங்கயாவது விழுந்து கிடப்பான். அதாங்க எனக்குப் பயமா இருக்கு."

அதிகாரி அவளையும் கூட வரச் சொல்லிவிட்டு, எழுந்து சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டார். அடுத்த மேசையில் இருந்த தட்டச்சர் அதற்குள் குறிப்பேட்டோடு வாசலில் நின்றாள். வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அலுப்பு என்றால் என்னவென்று இன்னும் தெரியாத பெண்.

"சார், சலவைக் கூடைக்குள்ள ஒளிஞ்சு போயிருப்பாரோ?" என்றாள் வண்டியில்.

"அந்தக் கூடையில ஒரு பூனை ஒளியறதே கஷ்டம்மா," என்றார் அவர்.

மேட்டு மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் நாற்பது கட்டில்கள் இருந்தன. ஐம்பத்திரண்டு நோயாளிகள். மிச்சம் பன்னிரண்டு பேருக்கான பாய்கள் சுவரோரம் சுருட்டி நிறுத்தப்பட்டிருந்தன. எல்லாருக்கும் ஒரே நீலச் சட்டை, எல்லாருக்கும் மொட்டை. திங்கட்கிழமை ஆய்வுக்கு முன்னால் பேன் தொல்லை ஒழிய வேண்டும் என்று இயக்குநர் ஏழு மருத்துவமனைகளுக்கும் உத்தரவு போட்டிருந்தார்.

வார்டின் நர்ஸ் தற்காலிகப் பணிநீக்க உத்தரவைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு நின்றாள். வேறு ஊரிலிருந்து மாற்றலாகிச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் வந்து சேர்ந்தவள்.

"ஆளுங்க முகமே எனக்கு இன்னும் பிடிபடலைங்க சார். ஆனா ஒவ்வொரு வேளையும் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். ஐம்பத்திரண்டுதான் இருந்தது."

"எப்படிம்மா இருக்கும்?" என்றார் மருத்துவமனைக் கண்காணிப்பாளர். "ஆள் நேத்து காலையிலேயே போயாச்சு. மதியமும் ஐம்பத்திரண்டுன்னு எழுதியிருக்கீங்க. எண்ணாமலே கையெழுத்து. இதுக்கு விசாரணை வேற."

அதிகாரி எண்ணிக்கைப் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு வாரமாக எல்லாக் கட்டத்திலும் ஐம்பத்திரண்டு. திங்கட்கிழமை மதியக் கட்டம் மட்டும் காலி.

"நேத்து ஆள் காணோம்னதும் மறுபடி எண்ணினீங்களா?"

"எதுக்கு? ஒருத்தன் இல்லைன்னா ஐம்பத்தொண்ணுதானே."

அதிகாரி கட்டில்களுக்கிடையே நடந்து எண்ணினார். பிறகு தட்டச்சரை எண்ணச் சொன்னார். அவள் குளியலறை வரை போய்ப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"ஐம்பத்திரண்டு சார். அப்போ யாருமே ஓடலையே. ஆனா தம்பி இங்க இல்லையே."

"ரெண்டுமே உண்மைம்மா. ஒண்ணுக்காக இன்னொண்ணை விட்டுடாதே."

"இன்னொண்ணு சார். இயக்குநரோட ஆய்வு அறிக்கையை நான்தான் அடிச்சேன். 'நாற்பது கட்டில், நாற்பது நோயாளிகள், தரையில் ஒருவரும் இல்லை'ன்னு இருந்தது. அடியில கோடு வேற போடச் சொன்னாரு. இங்க பன்னெண்டு பாய் இருக்கே."

அவர் முதல் தடவையாக அவளை நின்று பார்த்தார். "அதைக் குறிச்சு வை," என்றார்.

தம்பியின் நோய்க்குறிப்பைக் கேட்டு வாங்கினார். பத்து வருடத்தின் தாள்கள். கடைசித் தாளில் செவ்வாய்க்கிழமைக்கு நேரே, 'தான் வேறொருவர் என்று சொல்கிறார். மருந்தளவு கூட்டப்பட்டது.' புதனுக்கு நேரே, 'அதையே சொல்கிறார். மேலும் கூட்டப்பட்டது.' வியாழனுக்கு நேரே, 'பேசுவதில்லை. முன்னேற்றம்.'

"உங்க தம்பிக்கு இப்படிச் சொல்ற வழக்கம் உண்டாம்மா?" என்று அக்காவிடம் காட்டினார்.

"அவன் கோபப்படுவான், அழுவான். தன் பேரை மட்டும் ஒரு நாளும் மாத்திச் சொன்னதில்லைங்க."

மதிய மாத்திரை நேரம் வந்தது. வரிசை நகர்ந்தது. நர்ஸ் ஒவ்வொருவருக்கும் மாத்திரையும் தண்ணீர்க் குவளையும் கொடுத்தாள். விழுங்கியவர்கள் குவளையைப் பக்கத்து வாளியில் போட்டுவிட்டுப் போனார்கள். நாற்பதுக்கு மேல் ஆகியிருக்கும். அரைத் தூக்கத்தில் தள்ளாடி வந்த ஒருவர், ஐம்பது வயது இருக்கும், மாத்திரையை விழுங்கினார். குவளையை நர்சின் தட்டில் கவிழ்த்து வைத்தார். அது சரியாக இருக்கிறதா என்று ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"ஏம்மா, கவிழ்த்து வைக்கணும்னு இங்க சொல்லியிருக்கா?"

"இல்லைங்க. இவர் மட்டும் இப்படித்தான் வைக்கறாரு. நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

அதிகாரி கண்காணிப்பாளரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் பேசினார். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்து, இயக்குநரை உடனே வரச் சொல்லும்படி தட்டச்சரிடம் சொன்னார். பிறகு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உயிரோட இருக்கார்மா. கொஞ்ச நேரம் பொறுங்க."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் வந்தபோது கண்காணிப்பாளரின் அறையில் நர்சும் அக்காவும் இருந்தார்கள். இருபத்தாறு வருடமாக வார்டு உதவியாளராக இருக்கும் பெரியவர் கதவோரம் நின்றார். இடுப்பில் தொங்கும் சாவிகளுக்காக அவரை எல்லாரும் 'சாவிக்கொத்து' என்று கூப்பிடுவார்கள். இன்று சாவிகளைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

"நர்ஸ் எழுதினது பொய்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்க," என்றார் அதிகாரி. "நான் எண்ணிப் பாத்தேன். ஐம்பத்திரண்டு. பேர்ப் பட்டியல்ல இருக்கற ஐம்பத்திரண்டு பேர்ல ஒருத்தர் இல்லை, ஆனா தலை ஐம்பத்திரண்டு இருக்கு. அப்போ பட்டியல்ல இல்லாத ஒருத்தர் இங்க இருக்கார். தம்பி ஓடலை, மாறிட்டார்."

"மாறறதா? இது என்ன செருப்பா?" என்றார் இயக்குநர்.

"உங்க அறிக்கையில இருந்துதான் பிடிச்சேன் சார். திங்கட்கிழமை இங்க நாற்பது பேர்தான் இருந்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. காலையிலயும் சாயங்காலமும் ஐம்பத்திரண்டு, மதியக் கட்டம் காலி. நடுவுல பன்னெண்டு பேர் எங்க போனாங்க?"

சாவிக்கொத்துதான் தொண்டையைச் செருமினார்.

"வண்டியில ஏத்திட்டுப் போனோங்க. தரையில படுத்திருக்கறது இயக்குநர் கண்ல பட்டா வம்புன்னு சொன்னாங்க. சாயங்காலம் கூட்டிட்டு வந்துட்டோம்."

"எங்கே போனீங்கன்னு நானே சொல்றேன். இந்த வார்டுல ஒருத்தர் குவளையைக் கவிழ்த்து வைக்கறார். இங்க யாரும் அதைச் சொல்லித் தரலை. ஏழு மருத்துவமனையில அந்தப் பழக்கம் ஆற்றங்கரையில மட்டும்தான் உண்டு. எனக்கு நல்லாத் தெரியும், அதை எழுதினவன் நான்."

"ஆமாங்க, ஆற்றங்கரைதான்," என்றார் சாவிக்கொத்து. "அங்க சாப்பாட்டுக் கூடத்துல அவங்க ஆளுங்களோட நம்ம ஆளுங்களையும் உக்கார வச்சாங்க. எல்லாம் ஒரே நீலம், எல்லாம் மொட்டை. சாயங்காலம் நல்ல மழை. பன்னெண்டு தலை எண்ணி ஏத்தினேன். முகத்தைப் பாக்கலைங்க. இருபத்தாறு வருஷம் சர்வீஸ் பண்ணிட்டு முகத்தைப் பாக்கலை."

"மறுநாள் பழைய நர்சை மாத்திட்டீங்க. தினமும் முகம் பாத்து மாத்திரை கொடுத்த ஒரே ஆளும் போயாச்சு. தம்பியோட பாயில படுத்தவருக்குத் தம்பி பேரு, தம்பி மாத்திரை. நான் அவன் இல்லைன்னு அவர் சொன்னார். நீங்க ஆளை நிமிர்ந்து பாக்காம, அதை வியாதின்னு எழுதி மருந்தைக் கூட்டினீங்க. செவ்வாய், புதன். வியாழன் அவர் வாயை மூடிக்கிட்டார், முன்னேற்றம்னு போட்டீங்க. இந்தம்மா 'இவர் இல்லை'ன்னு சொன்னப்பவும், நர்ஸ் ஆள் மாத்திக் கூட்டிட்டு வந்துட்டாங்கன்னு நினைச்சு, அவரைத்தான் திருப்பி வரிசையில விட்டீங்க."

"தம்பி?" என்றாள் அக்கா.

"ஆற்றங்கரை நர்சுகிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். செவ்வாய்க்கிழமையிலேர்ந்து, தான் வேறொருத்தர்னு யாராவது சொல்லிட்டிருக்காங்களான்னு. ஒருத்தர் இருக்கார்னாங்க. அங்கயும் மருந்தைக் கூட்டியிருக்காங்க. நேத்து அவருக்கு வலிப்பு வந்து, டாக்டர் பாத்திருக்கார். இப்ப வண்டியில வந்துட்டிருக்கார்."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, ஆள் கிடைச்சாச்சு. இதை வெளியில கொண்டுபோக வேண்டாம். நிர்வாகக் குழப்பம்னு ஒரு வரி எழுதிடுங்க."

"ஒரு வரியில அடங்காது சார். முதல்ல போலீசுக்குச் சொல்லுங்க. குளத்துல ஒருத்தர் நேத்துலேர்ந்து முங்கி முங்கி எழுந்துட்டிருக்கார், பாவம்."

தட்டச்சர் சிரிப்பை அடக்கக் குறிப்பேட்டை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டாள். நர்ஸ் தன் கையிலிருந்த உத்தரவைக் கண்காணிப்பாளரின் மேசையில் வைத்தாள். அவர் அதை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

வண்டி மூன்று மணிக்கு வந்தது. தம்பி இறங்கினான். உதடு கடிபட்டு வீங்கியிருந்தது, கால் தள்ளாடியது. அக்கா ஓடிப்போய் அவன் மொட்டைத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான்னு சொன்னேன்க்கா. யாருமே நம்பலை," என்றான் அவன்.

"தெரியும்டா. வீட்டுக்குப் போகலாம். டாக்டர் இன்னொரு தடவை பாக்கட்டும், நாளைக்கே போயிடலாம்."

அதே வண்டி ஆற்றங்கரைக்குத் திரும்ப வேண்டும். குவளை கவிழ்த்தவரைக் கூட்டி வந்தார்கள். அவருடைய கோப்பு வண்டியிலேயே வந்திருந்தது. அதிகாரி அதைப் புரட்டிவிட்டு அவரிடம் கேட்டார்.

"அன்னிக்கு மேட்டு ஆஸ்பத்திரி வண்டியில ஏன் ஏறினீங்க?"

வெகுநேரம் அவர் யோசித்தார். மருந்து நாக்கைக் கட்டியிருந்தது. "வண்டின்னா வீட்டுக்குன்னு நினைச்சேன். எல்லாரும் ஏறினாங்க," என்றார்.

"சார், எனக்கு ஒண்ணு புரியலை," என்றாள் தட்டச்சர் மெல்ல. "இங்க ஒருத்தர் காணோம்னு இவ்வளவு அமளி. இவர் நாலு நாளா அங்க இல்லையே. ஏன் யாருமே தேடலை?"

அதிகாரி கோப்பிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். பார்வையாளர் அட்டை. பதினோரு வருடமாக அதில் ஒரு பெயர்கூட எழுதப்படவில்லை.

"நம்ம வழக்கும் இந்த அக்கா வந்ததாலதான்மா தெரிஞ்சது," என்றார் அவர். "வராம இருந்திருந்தா, ரெண்டு பக்கமும் எண்ணிக்கை சரியாத்தான் இருந்திருக்கும்."

அக்கா தம்பியை நிழலில் உட்கார வைத்துவிட்டு வந்து அந்த அட்டையை வாங்கிப் பார்த்தாள். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். அவள் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். குவளை கவிழ்த்தவரைப் பார்த்து, "உங்க பேரு என்னங்க?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார். அந்த வாரத்தில் அவர் அதைச் சொல்லி யாரும் மருந்தைக் கூட்டாதது அதுதான் முதல் தடவை.

அவள் அதிகாரியின் பேனாவை வாங்கி, அட்டையில் தன் பெயரை எழுதினாள். 'உறவு' என்ற கட்டம் வந்ததும் நின்றாள். வண்டிக்குள் இருந்தவரின் முகத்தைப் பார்த்தாள். தன்னைவிட மூத்தவர்தான். 'தங்கை' என்று எழுதினாள்.

"இதுக்குச் சான்று வேணும்," என்றார் பின்னாலிருந்து கண்காணிப்பாளர்.

அதிகாரி அட்டையை வாங்கி, கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

"ஆற்றங்கரையில வியாழக்கிழமை எத்தனை மணிக்குப் பாக்க விடுவாங்க சார்?" என்று அவள் கேட்டாள்.

"பத்து மணிக்கும்மா," என்றார் அவர். "கொஞ்சம் முன்னாடியே போயிடுங்க. கூட்டிட்டு வர நேரமாகும்."